பளிங்கெனத் தோன்றும் சுவர்: லகாட் வட்டாரத்தை முன்வைத்துப் போலிப் பூச்சுக் கலையின் வரலாறு

முன்னுரை

ஈப்போவிலிருந்து பத்து காஜா நோக்கிச் செல்லும் பழைய சாலையில் அமைந்த சிற்றூர் லகாட். கிந்தாப் பள்ளத்தாக்கின் மேற்கு எல்லையாக நிற்கும் கிளேடாங் மலைத்தொடருக்கு அருகிலுள்ள இவ்வூர் வெள்ளீயச் சுரங்கத் தொழிலால் வளர்ந்தது. 1985-ஆம் ஆண்டு அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தபின், இப்பள்ளத்தாக்கின் பிற சுரங்க ஊர்களைப் போலவே இதுவும் ஓய்ந்தது. லகாட்டையும் அதனை அடுத்த மெங்லெம்பு, பாப்பான், பூசிங், பத்து காஜா ஆகிய ஊர்களையும் சுற்றி வருவோர் அங்குள்ள கட்டடங்களிலும் வீட்டுப் பொருள்களிலும் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். கருங்கல் எனத் தோன்றும் கடைவீட்டு முகப்பு பல இடங்களில் கருங்கல் துகள் கலந்த சிமெண்டுப் பூச்சாக இருக்கும். பளிங்கு எனத் தோன்றும் கோயில் தூண் வண்ணம் தீட்டிய காரைத் தூணாக இருக்கும். தேக்கு எனத் தோன்றும் மேசை சாயம் ஏற்றிய பால்மரப் பலகையாக இருக்கும்.

ஒரு பொருளின் மேற்பரப்பு மற்றொரு பொருளின் தோற்றம் பெறுமாறு பூசியும் தீட்டியும் மெருகேற்றியும் அமைக்கும் இக்கலையை இக்கட்டுரை 'போலிப் பூச்சு' என்னும் பெயரால் குறிக்கிறது. வீட்டு அலங்காரம் சார்ந்த சிறு தொழிலாகவே இது பெரும்பாலும் கருதப்படுகிறது. கட்டடக் கலை வரலாற்று நூல்களும் இதனைக் கடந்து செல்கின்றன. ஆயினும் கடல் கடந்த தமிழ்த் தொழிலாளரின் கைத்திறன் மலாயாவில் எங்கெங்குப் பதிந்தது என்பதை அறிய இப்பூச்சுகள் சான்றாகின்றன. அக்கைத்திறனின் வரலாற்றை எடுத்துரைப்பதும், சான்றுகள் அழியுமுன் அவற்றைப் பதிவு செய்ய வேண்டியதன் தேவையை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

'போலி' என்னும் சொல்லின் இரு நிலைகள்

இன்றைய வழக்கில் 'போலி' என்பது ஏமாற்றுதலையே குறிக்கிறது. போலி ஆவணம், போலி மருந்து முதலிய தொடர்கள் இதற்குச் சான்று. தமிழ் மரபிலோ இச்சொல்லுக்கு ஒன்றினின்று ஒன்று வேறுபட்ட இரு ஆட்சிகள் உள்ளன.

முதலாவது இலக்கண நூலாரின் ஆட்சி. ஒரு சொல்லில் ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் மற்றோர் எழுத்து வந்து, பொருள் மாறாமல் நிற்பதைப் போலி என்பர். அறம் என்பது அறன் எனவும், பந்தல் என்பது பந்தர் எனவும், ஐந்து என்பது அஞ்சு எனவும் வருதலை மாணவர்க்கு நாம் கற்பிக்கிறோம். இங்கு வடிவம் மாறுகிறது; பொருள் மாறுவதில்லை. அறன் என்று எழுதியவரை ஏமாற்றியவர் என எவரும் கூறுவதில்லை.

இரண்டாவது அளவை நூலாரின் ஆட்சி. பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி எனத் தவறான வாத உறுப்புகளை அவர்கள் பாகுபடுத்தினர். மணிமேகலையின் 29-ஆவது காதை இவற்றை விரிவாகக் கூறுகிறது. ஏதுப்போலி ஏதுவைப் போலத் தோன்றும். அதனை நம்புவோரைப் பிழையான முடிவுக்குக் கொண்டு செல்லும். இங்குப் போலி என்பது மயக்கம் தருவது.

போலிப் பூச்சுக் கலையை மதிப்பிடுவதற்கு இவ்விரு ஆட்சிகளும் துணை செய்கின்றன. ஒரு பூச்சு இலக்கணப் போலியா, அளவைப் போலியா என்னும் வினா அதன் தோற்றத்தால் மட்டும் விடை பெறுவதன்று. அதனைச் செய்த பொருள் யாது, செய்தவர் யார், அது எப்பெயரால் விற்கப்பட்டது என்பவற்றையும் அறிந்தே விடை கூற இயலும்.

இலக்கியத்தில் சுதைப் பூச்சு

சுவரைப் பூசிப் பிறிதொரு பொருளின் பொலிவு பெறச் செய்யும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டியன் அரண்மனையில் அரசியின் உறையுளை வருணிக்கிறார். அங்குப் பூசப்பட்ட சுதை வெள்ளிக்கும், திரண்ட தூண்கள் நீலமணிக்கும், நெடிய சுவர் செம்புக்கும் உவமிக்கப்படுகின்றன. அச்சுவரில் பல பூக்களையுடைய கொடி ஒன்று எழுதப்பட்டிருந்ததாகவும் புலவர் குறிப்பிடுகிறார். வெறும் உவமை நயமாக மட்டும் இதனைக் கொள்ள வேண்டியதில்லை. சுண்ணாம்பை ஒளிரும் அளவிற்கு மெருகிடும் தொழில்நுட்பமும், சுவர்ப்பரப்பில் கொடி முதலியவற்றைத் தீட்டி அழகுபடுத்தும் வழக்கமும் புலவர் காலத்து மக்கள் அறிந்தனவாக இருந்தமையை இப்பகுதி உணர்த்துகிறது.

இம்மரபு பிற்காலத்தில் பல கிளைகளாக விரிந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் கரிய தரை, காண்போர் முகம் தெரியும் அளவிற்குப் பளபளப்புடையது. சுட்ட தேங்காய்ச் சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைக் கலந்து அமைத்த தரை அது. மெருகிட்ட கருங்கல் என்றே முதலில் தோன்றும். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கிளிஞ்சல் சுண்ணாம்புடன் வெள்ளைக்கரு, கடுக்காய் நீர், வெல்லம் முதலியன சேர்த்துப் பல படலங்களாகப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். இவ்வீடுகள் பல 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940-களுக்கும் இடையில் எழுந்தன. அவற்றுக்குச் செலவான பொருளில் ஒரு பகுதி பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் நகரத்தார் நடத்திய வட்டித் தொழிலில் ஈட்டப்பட்டது. மலாயாவின் வெள்ளீயமும் இரப்பரும் செட்டிநாட்டுச் சுவர்களின் பளபளப்பிற்கு ஒரு வகையில் முதலாயின எனலாம்.

சென்னைச் சுண்ணம்

இம்மரபை உலகறியச் செய்தது சென்னை நகரம். 1780-இல் இந்தியாவிற்கு வந்த ஆங்கில ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், தம் பயண நூலை 1793-இல் வெளியிட்டார். கடலிலிருந்து காணும்போது சென்னைக் கோட்டைப் பகுதி வீடுகள் தந்த பொலிவை வியந்த அவர், அவற்றின் மேற்பூச்சு கெட்டித்தன்மையிலும் மெருகிலும் உயர்ந்த பளிங்கிற்கு ஈடாக இருப்பதைப் பதிவு செய்துள்ளார். சுண்ணம் என்னும் சொல் 'சுனாம்' என ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. பூச்சின் பெயரும் 'மெட்ராஸ் சுனாம்' என நிலைபெற்றது.

இப்பூச்சின் செய்முறை நுட்பமானது. பொதுவாக மூன்று படலங்கள் இடப்படும். முதற்படலம் சுண்ணாம்பும் ஆற்று மணலும் வெல்லநீரும் கலந்தது. இரண்டாம் படலத்திற்குச் சலித்த நுண்பொருள்களைக் கொள்வர். மூன்றாம் படலமே தோற்றத்தைத் தீர்மானிப்பது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய தூய சுண்ணாம்பை மிக நுண்ணிய வெண்மணலுடன் அம்மியில் வெண்ணெய்போல் அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் ஆகியவற்றைச் சேர்ப்பர். பூசிய பரப்பு ஈரம் காயுமுன் படிகக்கல் அல்லது கூழாங்கல் கொண்டு மணிக்கணக்கில் தேய்க்கப்படும். வெளியே கசியும் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, மாக்கல் பொடியைத் தூவி மீண்டும் தேய்ப்பர். கலவையின் பதம், காற்றின் ஈரப்பதம், தேய்க்கும் நேரம் ஆகியவற்றுள் எது பிழைத்தாலும் பூச்சு வெடிக்கும். அல்லது ஒளி இழக்கும். இத்தொழில் நூலால் கற்கப்பட்டதன்று. கையோடு கை சேர்ந்து கற்கப்பட்டது.

இங்கு வேதியியல் உண்மை ஒன்றையும் கருத வேண்டும். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. நீர் ஊற்றினால் அது நீற்றுச் சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை அது மெல்ல ஏற்று, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. பளிங்கும் கால்சியம் கார்பனேட்டே ஆகும். ஆகவே, பளிங்கைப் போலச் செய்த சுண்ணப் பூச்சு தன்மையால் பளிங்கின் இனத்தைச் சேர்ந்தது. மண்ணுக்கடியில் வெப்பமும் அழுத்தமும் நீண்ட காலத்தில் செய்த வேலையைச் சூளையும் தொழிலாளர் கையும் சில மாதங்களில் வேறொரு வழியாகச் செய்து முடித்தன. அறம் அறன் ஆனதைப் போன்ற இலக்கணப் போலி இதுவேயாகும்.

கடல் கடந்த சாந்து

இத்தொழில்நுட்பம் மலாயாத் தீபகற்பத்தை அடைந்த வழிகளுள் ஒன்று துயரமானது. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் சிங்கப்பூரில் சாலை, பாலம், கட்டடம் ஆகிய பணிகளில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்கள் எழுப்பிய கட்டடங்களுள் 1862-இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித அந்திரேயர் பேராலயம் குறிப்பிடத்தக்கது. கைதிகளின் கண்காணிப்பாளராகவும் அரசுப் பொறியாளராகவும் பணியாற்றிய ஜே. எஃப். ஏ. மெக்நேர், டபிள்யூ. டி. பேலிஸ் துணையுடன் 1899-இல் வெளியிட்ட நூலில் அவ்வாலயத்தின் உட்புறப் பூச்சை விளக்குகிறார். மணல் சேராத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் ஆகியவற்றை அடித்துக் குழம்பாக்கி, தேங்காய் மட்டை ஊறிய நீரைக் கலந்து பூசினர். உலர்ந்தபின் படிகக்கல்லாலும் வழுவழுப்பான கற்களாலும் தேய்த்து மெருகிட்டனர். பேராக்கைப் பற்றி 1878-இல் தனி நூல் எழுதியவரும் இந்த மெக்நேரே ஆவார்.

இக்குறிப்பில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, சென்னைச் செய்முறை தன் அடிப்படை மாறாமல் புதிய மண்ணுக்கு ஏற்பச் சிறிது மாறியிருக்கிறது. தயிரும் நெய்யும் இடம்பெறாத இக்கலவையில் தேங்காய் மட்டை நீர் இடம் பெறுகிறது. மற்றொன்று, அப்பூச்சைச் செய்தோர் 'கைதிகள்' என்னும் பொதுப்பெயராலேயே குறிக்கப்படுகின்றனர். அவர்கள் சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மாகாணங்களைச் சேர்ந்தவர்கள் ஆதலின், அனைவரையும் தமிழர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் தொழிலின் பெயரில் சென்னை நிலைத்தது. தொழில் செய்தவரின் பெயர் நிலைக்கவில்லை.

மேலை நாட்டில் எழுந்த விவாதம்

இதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் போலிப் பூச்சு ஒழுக்கம் சார்ந்த விவாதமாயிற்று. அங்கு இக்கலை மிகப் பழமையானது. பொம்பேயி நகரில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீடுகளின் சுவர்களில் சாந்தைப் புடைப்பாக இட்டு, நிறந்தீட்டி, பளிங்குப் பாளங்கள் அடுக்கியது போலக் காட்டியுள்ளனர். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது தூரிகைக் கலையாக உச்சம் பெற்றது. அடிவண்ணம் உலர்ந்தபின் எண்ணெய் கலந்த மெல்லிய நிறப்படலத்தைப் பூசுவர். அது உலருமுன் கடற்பஞ்சாலும் துணியாலும் ஒற்றுவர். பறவை இறகின் நுனியால் பளிங்கின் நரம்புகளை இழுப்பர். மென்மயிர்த் தூரிகையால் கோடுகளின் கூர்மையைக் கலைப்பர். மரத்தின் வரிகளைக் காட்டுவதற்குச் சீப்பு போன்ற கருவியை ஈரப்படலத்தின்மேல் இழுப்பர். இன்று வீட்டுச் சுவர்களுக்கும் மரச்சாமான்களுக்கும் சாயம் பூசுவோர் கையாளும் அலங்கார முறைகள் பலவும் இவற்றின் வழிவந்தனவே.

கலைத்திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் 1849-இல் வெளியிட்ட கட்டடக் கலை நூலில் இவ்வழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். மரத்தைப் பளிங்கெனத் தீட்டுதலும், செங்கல்மேல் பூசிய சிமெண்டில் கோடு கிழித்துக் கல்லடுக்கெனக் காட்டுதலும் பொய்யுரைத்தலாகும் என்பது அவர் கருத்து. அதேவேளையில் வெள்ளையடித்தலை அவர் குற்றமெனக் கொள்ளவில்லை. அது தனக்கு அடியில் உள்ள பொருளைப் பற்றி எதுவும் கூறுவதில்லை என்பது அவர் தந்த காரணம். ரஸ்கின் கூறுவது அளவைப் போலியின் இலக்கணத்திற்கு நெருங்கியது. ஆயினும் சுவரின் உண்மையை மட்டும் வினவிய அவர் ஆய்வு, அதனைத் தீட்டியவனின் திறமைக்கு இடம் தரவில்லை.

பொதுமக்களின் மதிப்பீடு வேறாக இருந்தது. லங்காஷயர் பகுதியில் 1819-இல் பிறந்து சாதாரணத் தொழில் பழகுநராகத் தொடங்கிய தாமஸ் கெர்ஷா, மரவரியும் பளிங்கு வரியும் தீட்டுவதில் நிகரற்றவர் எனப் பெயர் பெற்றார். 1851-ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியிலும், 1855-இல் பாரிசிலும் அவர் பதக்கங்கள் பெற்றார். அவர் தீட்டிய பலகைகள் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. கெர்ஷா பதக்கம் பெற்ற சில ஆண்டுகளில் புனித அந்திரேயர் பேராலயத்தின் சுவர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்களின் பெயர்கள் எந்த அருங்காட்சியகத்திலும் இடம்பெறவில்லை. திறமையில் வேறுபாடு இருந்ததால் நேர்ந்ததன்று இது. ஒருவர் பெயருடைய கைவினைஞராகக் கண்காட்சிக்கு வந்தார். மற்றவர்கள் எண்ணிடப்பட்ட உழைப்பாக ஏட்டில் ஏறினர்.

கிந்தாப் பள்ளத்தாக்கின் சுவர்கள்

இப்பின்னணியில் லகாட் வட்டாரத்தை நோக்கினால் ஒரு முரண் புலப்படும். ஈப்போவைச் சூழ்ந்துள்ள குன்றுகள் சுண்ணாம்புக்கல் குன்றுகள். அவற்றில் பெரும்பகுதி இருமருங்கிலும் உள்ள கருங்கல் மலைகளின் வெப்பத்தால் பளிங்காக மாறியது. சிம்பாங் பூலாய், கெராமாட் பூலாய் ஆகிய இடங்களில் பளிங்கு வெட்டி எடுக்கப்படுகிறது. சுண்ணாம்புச் சூளைகளும் இப்பகுதியில் நெடுங்காலமாக இயங்குகின்றன. உண்மைப் பளிங்கு காலடியில் கிடக்கும் பள்ளத்தாக்கில் பளிங்கைப் போலப் பூசியும் தீட்டியும் வாழ்ந்திருக்கிறார்கள். கல்லை அறுத்து மெருகிடும் இயந்திரமும் மூலதனமும் சிலருக்கே எட்டின. சாந்தும் தூரிகையும் ஏனையோருக்கும் எட்டின என்பதே இதற்கு விளக்கமாகும்.

இவ்வட்டாரத்துக் கட்டடப் பரப்புகளில் மூன்று மரபுகளைக் காணலாம். முதலாவது ஆங்கிலேயர் ஆட்சிக் கட்டடங்களின் வெண்காரை மரபு. ஆர்தர் பெனிசன் ஹபக் வடிவமைத்து 1917-இல் நிறைவுற்ற ஈப்போ தொடர்வண்டி நிலையம் இதற்கு நல்ல சான்று. அதன் தூண்களும் வளைவுகளும் குவிமாடங்களும் கல் மாளிகையின் மிடுக்கைக் காரைப் பூச்சின் வழியாகவே பெறுகின்றன.

இரண்டாவது சீனத் தொழிலாளர் வளர்த்த 'சாங்காய்ப் பூச்சு' மரபு. சிமெண்டுடன் கருங்கல் துகளைக் கலந்து பூசி, மேற்பரப்பைக் கழுவியோ கொத்தியோ துகள்கள் வெளித்தெரியச் செய்வர். 1930-களில் எழுந்த கடைவீடுகளின் முகப்புகளில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. வண்ணம் பூசத் தேவையில்லாதிருப்பதே இதன் சிறப்பு. பிற்காலத்தில் இதன்மேல் சாயம் அடித்து இதன் இயல்பை மறைத்த கட்டடங்களும் பல.

மூன்றாவது தமிழ்க் கொத்தனார் மரபு. இதற்கு மிகவும் அறியப்பட்ட இடம் பத்து காஜாவிற்கும் கோப்பெங்கிற்கும் இடையில் உள்ள கெல்லி மாளிகையாகும். ஸ்காட்லாந்தில் 1870-இல் பிறந்து இருபது வயதில் மலாயாவிற்கு வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், இரப்பர்த் தோட்டத்தாலும் வெள்ளீயத்தாலும் செல்வம் ஈட்டினார். 1915-இல் அவர் தொடங்கிய மாளிகைக்குச் சென்னையிலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்தே வந்தன. முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய கொள்ளைக் காய்ச்சல் தொழிலாளர் பலரைப் பலி கொண்டது. எஞ்சியோரின் வேண்டுகோளுக்கு இணங்கி அருகில் மாரியம்மன் கோயில் ஒன்று எழுந்தது. கெல்லி ஸ்மித் 1926-ஆம் ஆண்டு டிசம்பரில் லிஸ்பன் நகரில் மறைந்தார். மாளிகை முற்றுப்பெறவில்லை.

இம்மாளிகையைக் காண வருவோர் அதன் மறைவழிகளைப் பற்றியும் ஆவிகளைப் பற்றியும் கதைகள் கேட்டுச் செல்கின்றனர். காரை உதிர்ந்து செங்கல் வெளித்தெரியும் பகுதிகள் கூறும் வரலாற்றைக் கேட்போர் குறைவு. மாரியம்மன் கோயிலின் மேற்புறத்தில் தெய்வ உருவங்களோடு வெள்ளுடையும் தொப்பியும் அணிந்த வெள்ளையரின் சுதையுருவம் ஒன்றும் நிற்கிறது. அது கெல்லி ஸ்மித்தின் உருவம் என்பர். தோட்ட உரிமையாளரை நன்றியுடன் சுதையில் வடித்த கைகள், தம் உருவையோ பெயரையோ வடித்துக்கொள்ளவில்லை.

பால்மரமும் 'ஓக்' மரமும்

சுவர்ப்பூச்சின் வரலாறு இவ்வாறு இருக்க, மரச்சாமான்களின் பூச்சு பேராக்கின் தோட்ட வரலாற்றோடு நேரடியாக இணைகிறது. கியூ தாவரப் பூங்காவிலிருந்து வந்த இரப்பர்க் கன்றுகளுள் சில 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்த அரை நூற்றாண்டில் பேராக் மாநிலமெங்கும் பால்மரக் காடுகள் பரவின. கங்காணி முறையில் வந்த தமிழ்த் தொழிலாளர் அம்மரங்களைச் சீவிப் பாலெடுத்தனர். மரத்தின் மதிப்பு அதன் பாலில் மட்டுமே இருந்தது. இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரத்தை வெட்டி விறகாக்கினர். புகைக்கூடங்களிலும் செங்கற் சூளைகளிலும் அது எரிந்தது. 1960-களின் இறுதியில் பிறை நகரில் அமைந்த இரும்பு உருக்காலைக்கும் பால்மரக் கரியே எரிபொருளாயிற்று.

வெட்டிய சில நாள்களிலேயே நீலப் பூஞ்சையும் வண்டும் தாக்குவதால், பால்மரம் தச்சு வேலைக்கு ஆகாது என்னும் கருத்து நிலவியது. போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் மரத்தினுள் செலுத்திச் சூளையில் உலர்த்தும் முறை பரவியபின் அந்நிலை மாறியது. 1980-களிலிருந்து பால்மரம் மலேசிய மரச்சாமான் ஏற்றுமதியின் முதன்மை மூலப்பொருளாயிற்று. வெளிர்நிறமும் சீரான இழையும் உடைய இம்மரம் எந்தச் சாயத்தையும் எளிதில் ஏற்கும். ஆகவே, இது வால்நட் நிறமும் செர்ரி நிறமும் தேக்கு நிறமும் பெற்று அயல்நாடுகளுக்குச் சென்றது. 'மலேசிய ஓக்' என்னும் வணிகப் பெயரும் இதற்கு வழங்கப்பட்டது. ஓக் மரத்திற்கும் பால்மரத்திற்கும் தாவரவியல் உறவு இல்லை.

இங்குப் போலியின் இரு நிலைகளையும் ஒருங்கே காண்கிறோம். பால்மரத்திற்குச் சாயம் ஏற்றுவது குற்றமன்று. எரிந்து சாம்பலாக வேண்டிய மரத்திற்கு அது மதிப்பைத் தந்தது. காட்டு மரங்களின் மீதான சுமையையும் குறைத்தது. ஓக் என்னும் பெயர் சூட்டும்போதோ, அது வாங்குவோரைப் பிழையான முடிவுக்குக் கொண்டு செல்லும் அளவைப் போலியாகிறது. அத்துடன் மற்றொன்றும் மறைகிறது. அம்மரத்தின் அடிப்பகுதியில் பல்லாண்டுகள் வைகறையில் உளி பிடித்துச் சீவிய கைகளின் வரலாறு அந்தப் பெயரில் இல்லை. தோட்டங்கள் எண்ணெய்ப்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் தந்து, தொழிலாளர் குடும்பங்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்த பின்னர், அவர்கள் வாங்கிய கட்டிலும் மேசையும் பெரும்பாலும் அதே பால்மரத்தில் செய்தவை. அதனை அறிந்து வாங்கியோர் எத்தனை பேர் என்பது சிந்திக்கத்தக்கது.

அழியும் சான்றுகள்

மேற்கூறிய வரலாற்றுக்கு எழுத்துச் சான்றுகள் குறைவு. ஆகவே, சுவர்ப்பரப்பே முதன்மைச் சான்றாகிறது. அச்சான்று இன்று இரு வழிகளில் அழிந்து வருகிறது.

ஒன்று, பொருந்தாத பழுதுபார்ப்பு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டையும் நெகிழிச் சாயத்தையும் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லிலேயே தங்குகிறது. உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. உதிர்ந்த காரையைப் பழுதெனக் கருதிச் சுரண்டி எறிகின்றனர். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008-இல் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபின் அங்குச் சுண்ணாம்புக் காரையின் பயன்பாடு மீண்டும் வலியுறுத்தப்படுகிறது. கிந்தாவின் சிற்றூர்களுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை.

மற்றொன்று, கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் திருக்குட நன்னீராட்டு. சமய நோக்கில் அது இன்றியமையாதது. கோயில் புத்துயிர் பெறுவதே அதன் பொருள். ஆயினும் ஒவ்வொரு திருப்பணியிலும் பழைய பூச்சு சுரண்டப்பட்டுப் புதிய சாயம் ஏறுகிறது. பழைய படலத்தில் எந்தச் சுண்ணாம்பு, எந்த நிறம், எந்தக் கைமுறை இருந்தது என்பதைக் குறித்து வைப்பதில்லை. திருப்பணிக்கு முன் ஒளிப்படம் எடுத்தலும், பூச்சின் சிறு மாதிரியைச் சேகரித்து நாளிட்டு வைத்தலும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. திருப்பணிக் கணக்கேடுகளில் கொத்தனார்க்கும் வண்ணம் பூசுவோர்க்கும் வழங்கிய கூலிக் குறிப்புகள் இருக்கும். அவற்றில் பெயர்களும் இருக்கும். அவ்வேடுகளைப் படியெடுத்தல் வரலாற்றுத் துறையினர்க்கும் தமிழ்த் துறையினர்க்கும் உரிய பணியாகும்.

சொற்களின் அழிவும் இதனோடு சேர்ந்தது. கரணை, மட்டப்பலகை, தூக்குக்குண்டு, ரசமட்டம், நீற்றுதல், காரை, சுதை முதலிய தொழிற்சொற்கள் மூத்த கொத்தனார்களின் பேச்சில் வாழ்பவை. இன்றைய பணியிடங்களில் மலாய், ஆங்கிலப் பெயர்கள் அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன. வழக்கொழிந்த இலக்கியச் சொல்லுக்குப் பொருள் தேட நிகண்டுகள் உள்ளன. வழக்கொழியும் தொழிற்சொல்லுக்கு இந்நாட்டில் அத்தகைய துணை இல்லை. தமிழ்ப்பள்ளி மாணவர் தம் வட்டாரத்து முதியோரிடம் இச்சொற்களைத் திரட்டுவதை ஒரு பயிற்சியாகவே ஆசிரியர்கள் அமைக்கலாம். நெடுநல்வாடையின் சுதை வருணனையைக் கற்பிக்கும் வகுப்பில் அச்சொற்கள் உயிருள்ள உரையாகவும் பயன்படும்.

முடிவுரை

பளிங்கைப் போலப் பூசுதல் என்னும் கலை சங்க இலக்கியத்தில் தடம் பதித்து, செட்டிநாட்டிலும் சென்னையிலும் செழித்து, கைதிகளோடும் தொழிலாளரோடும் கடல் கடந்து இத்தீபகற்பத்தை அடைந்தது. அதன் சுண்ணப் பூச்சு பொருளால் பளிங்கிற்கு வேறானதன்று என்பது மேலே விளக்கப்பட்டது. இக்கலையை ஏமாற்று எனத் தள்ளுதல் ரஸ்கின் காட்டிய ஒருபக்கப் பார்வையாகும். தமிழ் இலக்கணம் தரும் போலி என்னும் கருத்து இதனை மதிப்பிடுவதற்கு இன்னும் பொருத்தமான அளவுகோலாக அமைகிறது.

அவ்வளவுகோலின்படி நோக்கினால், பிழை பூச்சில் இல்லை. உழைத்தவரின் பெயரை மறைத்து, பூச்சையும் பொருளையும் மட்டும் நினைவில் வைத்த பதிவு முறையிலேயே பிழை உள்ளது. லகாட் வட்டாரத்தில் இன்னும் சில பழைய சுவர்கள் நிற்கின்றன. அவற்றின் தொழிலை அறிந்த முதியோர் சிலரும் வாழ்கின்றனர். அடுத்த திருப்பணிக்குச் சாரம் கட்டப்படுமுன் அச்சுவர்களின் மாதிரிகளும், அம்முதியோரின் சொற்களும், கணக்கேடுகளில் உள்ள பெயர்களும் திரட்டப்பட வேண்டும். அப்பணியைத் தொடங்குவதற்கு உரிய இடம் தமிழ்த் துறைகளும் தமிழ்ப்பள்ளிகளுமே ஆகும்.